ஒரு நாள் வாடகை

நூற்று நாற்பது திர்ஹம், இருபத்து நாலு மணி நேரம்,
உள்ளே மணல் கிடந்தால் ஐம்பது பிடித்தம்.
சாவியைத் தரும்போது ஷேர் ஜமான் கேட்டார்
எந்த பில்டிங்கிலிருந்து எந்த பில்டிங்குக்கு என்று.
இந்த ஹையேஸை எடுக்கிறவர்கள்
வீடு மாற்றுவார்கள், அல்லது நாட்டை.
கடலுக்கு, என்றார் மீரான் மச்சான்.
கடலில் உனக்கு ஏது வீடு
என்று சிரித்து ரசீது கிழித்தார் பட்டாணி.

முன்னால் மூன்று இருக்கை. நாங்கள் மூன்று பேர்.
இப்படிப் பொருந்தி வருவது எங்களுக்கு வழக்கமில்லை.
பின்னால் ஜன்னலில்லாத தகரப் பெட்டி,
எப்போதோ சிந்திய ஃபினாயில் வாசம்,
யாரோ ஒட்டிவிட்டுப் போன 'உடையும் பொருள்' சீட்டு.
ஹஸ்னா அதை உரித்து
வாப்பா முதுகில் ஒட்டிவிட்டாள்.
கல்பா வரைக்கும் அது தெரியாமலே
ஓட்டிக்கொண்டு வந்தார்.

கூடாரம் விலை கேட்டோம்.
கேட்டதோடு சரி.
மீன்கடைத் தெர்மாகோல் பெட்டியில் மாவும் முட்டையும்,
ஒற்றை அடுப்பு,
ஜனவரிக் குளிருக்கு இரண்டு போர்வை.
திரைக்கு என்ன செய்வாய் என்றார்.
ஃபிரிட்ஜ் கதவிலிருந்து காந்தங்களைப் பிடுங்கி வந்திருந்தேன்:
பீட்சாக்கடை நம்பர், பல் டாக்டர் நம்பர்,
ஒரு பிளாஸ்டிக் மாம்பழம்.
தகரத்தில் படுக்கை விரிப்பு கச்சிதமாக நின்றது.
வேன் முழுக்கவே ஃபிரிட்ஜ் கதவுதானே.

இருட்டியதும் சாணால் அளந்தேன்.
ரோலாவில் எங்கள் தடுப்பறையைவிட
நாலு சாண் குறைச்சல்.
ஆனால் பின்கதவைத் திறந்தால்
ஒரு சுவர் முழுக்கக் கடல்.
சமையலறைக்கு முறை வைக்க நாலு குடும்பம் இல்லை.
எட்டு மணிக்கு ஒரு முறை,
பசிக்காமலே பத்தரைக்கு ஒரு முறை,
ஆம்லெட் போட்டேன்.

தூக்கம்தான் வரவில்லை.
பலகைக்கு அந்தப் பக்கம் இருமுகிற மனுஷர்
இங்கே இல்லை.
ஏழு வருஷமாக அவர் இருமி முடித்த பிறகுதான்
நான் கண் மூடுவேன்.

சுபுஹு பாங்கு முடிந்த கையோடு
யாரோ தகரத்தைத் தட்டினார்கள்.
போலீஸ் என்று நினைத்து
மச்சான் தலையணை அடியில் அடையாள அட்டையைத் துழாவினார்.
லுங்கி கட்டிய பெங்காலி.
பேர் ஹெலால்.
வேன் பக்கவாட்டில் எழுதியிருந்ததைக் காட்டினார்,
'ஷிப்டிங்', கீழே பாதி அழிந்த போன் நம்பர்.
ஒரு ஃபிரிட்ஜ், ஒரு இரும்புக் கட்டில்,
மூன்று கிலோமீட்டர், எவ்வளவு?

இது அந்த வண்டி இல்லை பாய், என்று
மச்சான் ஆரம்பிக்கும் முன்னே
அறுபது, என்றேன் நான்.
எங்கிருந்து வந்தது அந்தக் குரல்
இன்னும் தெரியவில்லை.

பாயைச் சுருட்டி மணலில் போட்டோம்.
நானும் பிள்ளையும் அடுப்போடு உட்கார்ந்திருக்க
எங்கள் வீடு
இன்னொருவர் வீட்டை ஏற்றிக்கொள்ளப் போனது.
கையில் பிளாஸ்டிக் மாம்பழம்.
சூரியன் ஏறிய பிறகு
கடல் கொஞ்சம் சாதாரணமாகிவிட்டது.

திரும்பி வந்து நாற்பதை நீட்டினார்.
ஏன் என்று பார்த்தேன்.
"அவனுக்கு அந்த ரூமில் கட்டில் நுழையல.
வெளியிலயே வச்சுட்டு வந்தோம்."
அவ்வளவுதான் சொன்னார்.
முதுகில் சீட்டு அப்படியே இருந்தது,
ஒரு மூலை மட்டும் பெயர்ந்து.
வேனுக்குள் பழைய ஃபிரிட்ஜ் தண்ணீர்
குட்டையாகத் தேங்கியிருந்தது.
என் துப்பட்டாவால் துடைத்தேன்.

ஷேர் ஜமான் குனிந்து
கதவிடுக்கில் விரல் விட்டு
மணலை எடுத்துக் காட்டினார்.
ஐம்பது.
நாற்பதோடு பத்து சேர்த்துக் கொடுத்தோம்.

பீட்சாக்கடைக் காந்தம் வேனிலேயே போய்விட்டது.
கரண்ட் பில் இப்போது
ஃபிரிட்ஜ் கதவிலிருந்து வழுக்கி விழுகிறது.

அன்று இரவு ஹஸ்னா
ஒட்டுப்பலகையில் காதை வைத்து
இந்தப் பக்கம் கடல், என்றாள்.
அந்தப் பக்கத்திலிருந்து
அவர் இருமினார்.